முதலில் ஆளைப் பார்

மானிட்டர் கத்தினால் முதலில் ஆளைப் பார், அப்புறம் கோட்டைப் பார். இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு அக்கா சொல்லித்தரும் முதல் பாடம் இது. டாக்டர்கள் முதல் துப்புரவுப் பணியாளர்கள் வரை அங்கே எல்லோருக்கும் அவர் அக்காதான். மதுரைப் பக்கத்தில் ஈசிஜி டெக்னீஷியனாகத் தொழிலைத் தொடங்கி, இதயங்கள் தாளம் தப்புவதைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவர்.

அந்தப் பாடத்துக்குக் காரணம் இருக்கிறது. விடியற்காலையில் ஏதாவது ஒரு கட்டிலின் அலாரம் அலறும். திரையில் அகன்ற அலைகள் வரிசையாக எழுந்து விழும். இயந்திரம் 'வி.டி.' என்று சிவப்பெழுத்தில் காட்டும். கீழறையிலிருந்து கிளம்பும் ஆபத்தான வேகத் துடிப்புக்கு அதுதான் பெயர். புதிதாக வந்த பிள்ளை, மின் ஷாக் கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடும். போய்ப் பார்த்தால் பெரியவர் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பல் துலக்கிக்கொண்டிருப்பார். "என்ன தாயி, இம்புட்டு வேகமா ஓடியாறீக?" என்பார், வாயில் நுரையோடு.

கை ஆடும்போது தோள் தசையும் மார்புத் தசையும் எழுப்பும் அசைவை, நெஞ்சில் ஒட்டிய எலெக்ட்ரோடு இதயத்தின் கணக்கில் சேர்த்துவிடும். பார்க்கின்சன் நோயாளியின் கை நடுக்கமும் இதே வேலையைச் செய்யும். அக்கா அந்த நேரத்து ஈசிஜி தாளை எடுத்து, பிள்ளைகளைச் சுற்றி நிறுத்திக் காட்டுவார். குழப்பமான அலைகளுக்குள்ளேயே கூர்மையான முட்கள் ஒரே இடைவெளியில் நடந்து போய்க்கொண்டிருக்கும். அவைதான் உண்மையான துடிப்பு. விரலில் மாட்டிய ஆக்சிஜன் கருவியின் அலையும் நிதானமாக ஓடும். கோடு பொய் சொல்லலாம், நாடி சொல்லாது என்பார் அக்கா.

ஆபத்தை அடையாளம் காண, ஒழுங்கு எப்படியிருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். ஈசிஜி தாள் வினாடிக்கு 25 மில்லிமீட்டர் நகர்கிறது. அதில் சின்னக் கட்டம் 0.04 வினாடி, பெரிய கட்டம் 0.2 வினாடி. வலது மேலறையின் உச்சியிலுள்ள சைனஸ் கணு, ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை மின்துடிப்பை எழுப்புகிறது. அது மேலறைகளில் பரவி, நடுவிலிருக்கும் ஏ.வி. கணுவில் ஏறக்குறைய பத்தில் ஒரு வினாடி தயங்கி நிற்கும். கீழறைகளில் ரத்தம் நிறைவதற்கு அந்தத் தயக்கம் வேண்டும். அதன் பிறகு ஹிஸ் கற்றையும் புர்கின்யே இழைகளும் அதை வாங்கிக்கொண்டு, இன்னொரு பத்தில் ஒரு வினாடிக்குள் கீழறைத் தசை முழுவதற்கும் சேர்த்துவிடும். அந்தப் பாய்ச்சல்தான் தாளில் கூர்மையான முள்ளாக, க்யூ.ஆர்.எஸ். என்ற பெயரில் பதிகிறது.

இந்தப் பாதையை மனித இதயத்திலேயே அளந்து காட்டியவர் நெதர்லாந்தின் டிர்க் டூரர். மூளை பாதிக்கப்பட்டு இறந்தவர்களின் ஏழு இதயங்களை உடலுக்கு வெளியே துடிக்கவைத்து, தசைக்குள் 870 வரை எலெக்ட்ரோடு முனைகளைச் செருகி, மின் அலை எந்த மில்லிவினாடியில் எங்கே வருகிறது என்று அவருடைய குழு பதிவு செய்தது. 1970ல் வெளியான அந்த ஆய்வு, இடது கீழறையின் உட்புறத்தில் மூன்று இடங்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விழித்துக்கொள்வதைக் காட்டியது. க்யூ.ஆர்.எஸ். இவ்வளவு ஒல்லியாக இருப்பதன் ரகசியம் அந்த வேகத்தில் இருக்கிறது. முள் அகன்றுவிட்டால், மின் அலை விரைவுப் பாதையை விட்டுவிட்டுத் தசை வழியாக ஊர்ந்து வருகிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

அப்படி ஊர்வதற்குப் பெரும்பாலும் வழியமைத்துக் கொடுப்பது பழைய மாரடைப்பு. ரத்தம் கிடைக்காமல் மடிந்த தசை தழும்பாகிவிடும். தழும்புக்குள்ளும் அதன் ஓரத்திலும் தப்பிப் பிழைத்த மெல்லிய தசையிழைகள் வழியே மின் அலை மெதுவாக நகரும். அது மறுபக்கம் வெளிவரும்போது, சுற்றியுள்ள தசை ஓய்வெடுத்து அடுத்த துடிப்புக்குத் தயாராகியிருக்கும். அலை அதைத் தூண்டிவிட்டு மறுபடியும் அதே வழியில் நுழையும். அந்த வட்டம் சைனஸ் கணுவை மீறி, நிமிடத்துக்கு 150, 180, 200 என்று இதயத்தை ஓட்டும். பென்சில்வேனியாவில் மார்க் ஜோசப்சனும் அறுவை நிபுணர் ஆல்டன் ஹார்க்கனும் 1970களின் இறுதியில் இந்த வட்டம் ஓடும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்குள்ள உள்தசைப் படலத்தை உரித்தெடுத்து வி.டி.யை நிறுத்திக் காட்டினார்கள். இன்று தொடை ரத்தக்குழாய் வழியாகக் கத்தீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்தி, அதே வேலையைச் சூட்டினால் செய்கிறார்கள்.

வி.டி. வந்தவர் எல்லோரும் மயங்கி விழுவதில்லை. சிலர் நடந்தே வருவார்கள். "நெஞ்சு படபடங்குது, லேசா வேர்க்குது, வேற ஒண்ணுமில்ல" என்று தெளிவாகப் பேசுவார்கள். பேசுகிறாரே என்று புதியவர்கள் ஏமாந்துபோவது இங்கேதான். முன்பு மாரடைப்பு வந்தவருக்கு அகன்ற முட்களோடு வேகத் துடிப்பு வந்தால், வேறென்று நிரூபணமாகும்வரை அது வி.டி.தான். மேலறையிலிருந்து வரும் சாதாரண வேகத் துடிப்பு என்று நினைத்து வெராபமில் ஊசி போட்டால் ரத்த அழுத்தம் சரிந்துவிடக்கூடும். அப்படிப்பட்டவர் படுத்த கட்டிலை விட்டு அக்கா நகர மாட்டார். பேசிக்கொண்டிருப்பவர் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவதை அவர் பார்த்திருக்கிறார்.

மருந்துக்கு அடங்காத வி.டி.யை ஷாக் கொடுத்துத் திருப்ப வேண்டும். அதற்கு முன் 'சிங்க்' பொத்தானை அழுத்தி, திரையில் ஒவ்வொரு முள்ளின் தலையிலும் குறி விழுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு துடிப்பின் முடிவிலும், டி அலை எழும் நேரத்தில், தசையின் ஒரு பகுதி விழித்தும் மறுபகுதி ஓய்விலும் இருக்கும். அந்தக் கணத்தில் மின்சாரம் பாய்ந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். ஷாக் முள்ளோடு சேர்ந்தே விழும்படி நேரம் பார்த்துக் கொடுக்கும் முறையை 1962ல் பாஸ்டனில் பெர்னார்ட் லௌன் உருவாக்கினார். ஆனால் அடுத்த நிலையான ஃபிப்ரிலேஷனில் இதே பொத்தான் அணைந்திருக்க வேண்டும். அங்கே முள்ளே கிடையாது. வராத முள்ளுக்காக இயந்திரம் காத்துக்கொண்டேயிருக்கும், ஷாக் வெளியே வராது. ஒவ்வொரு பணிமாற்றத்தின்போதும் அந்தப் பொத்தான் அணைந்திருக்கிறதா என்று அக்கா தானே பார்ப்பார்.

வெண்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷனை இந்தத் தொழிலில் வி.எஃப். என்பார்கள். இதயம் நின்றுவிட்டது என்று வெளியே சொல்கிறோம். உண்மையில் அப்போது கீழறைகளில் மின்சாரம் அளவுக்கு மீறி ஓடிக்கொண்டிருக்கிறது. நிமிடத்துக்கு 300 முறைக்கு மேல் ஆங்காங்கே தசை துடிக்கிறது. தேர் வடத்தைப் பிடித்த ஆயிரம் பேரும் தோன்றிய திசையிலெல்லாம் இழுத்தால் எப்படி? எல்லோரும் மூச்சு முட்ட இழுப்பார்கள், தேர் ஓரடி நகராது. வி.எஃப்.பில் ஒரு சொட்டு ரத்தம்கூட மூளைக்குப் போகாதது அதனால்தான். பத்து வினாடி அளவில் நினைவு தப்பிவிடும்.

நாயின் இதயத்தில் நேரடியாக மின்சாரம் பாய்ச்சி இந்த நடுக்கத்தை 1850ல் முதலில் உண்டாக்கிப் பார்த்தவர்கள் ஜெர்மனியின் கார்ல் லுத்விக்கும் அவருடைய மாணவர் ஹோஃபாவும். மனிதர்களின் திடீர் மரணத்துக்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்று 1889ல் எழுதினார் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் பணியாற்றிய ஜான் மெக்வில்லியம். மனிதருக்கு ஈசிஜி எடுக்கும் வில்லம் ஐந்தோவனின் கருவியே அப்போது பிறந்திருக்கவில்லை. அவர் சொன்னதைப் பல ஆண்டுகள் பெரும்பாலானோர் காதில் வாங்கவில்லை.

வி.எஃப். நேரத்தில் மனித இதயத்தின் மேற்பரப்பில் என்ன நடக்கிறது என்பதை விரிவாகப் பார்த்த ஆய்வு ஒன்று 2006ல் வெளியானது. லண்டனில் இதய அறுவை சிகிச்சைக்கு வந்த பத்துப் பேரின் இதயத்தின் மேல், 256 எலெக்ட்ரோடுகள் தைத்த வலையுறையை மாட்டி, அறுவைக்கூடத்தின் கட்டுப்பாட்டில் சில வினாடிகள் ஃபிப்ரிலேஷனை உண்டாக்கிப் பதிவு செய்தார்கள். சில நேரங்களில் ஒரு பெரிய சுழல் அலை நிலைத்து நின்று மற்றதையெல்லாம் ஆட்டிவைத்தது. சில நேரங்களில் சிற்றலைகள் பிறந்து, மோதி, உடைந்து அலைந்தன. ஒரே இதயத்திலேயே இரண்டும் நடந்தன. வெறும் குழப்பம் என்று நினைத்ததற்குள் ஓரளவு அமைப்பு இருப்பது தெரிந்ததால்தான், அதைத் தொடங்கிவைக்கும் இடத்தைத் தேடிச் சுட்டுவிடும் சிகிச்சைக்கும் நம்பிக்கை பிறந்திருக்கிறது.

மின்சாரத்தால் வந்த கலகத்தை மின்சாரத்தாலேயே அடக்கலாம் என்று 1899ல் கண்டவர்கள் ஜெனீவாவின் ப்ரெவோவும் பத்தெல்லியும். நாயின் இதயத்தில் சின்ன ஷாக் ஃபிப்ரிலேஷனை உண்டாக்கியது, பெரிய ஷாக் அதை நிறுத்தியது. மனிதரில் அது பலிக்க 1947 ஆயிற்று. அமெரிக்காவின் க்ளீவ்லாந்தில் 14 வயதுச் சிறுவனுக்கு மார்புக்கூட்டு அறுவை முடியும் நேரத்தில் இதயம் வி.எஃப்.புக்குள் போய்விட்டது. அறுவை நிபுணர் க்ளாட் பெக் மார்பைத் திறந்து, அரை மணி நேரத்துக்கும் மேலாகக் கையாலேயே இதயத்தைப் பிசைந்து ரத்தத்தை ஓட்டினார். பிறகு இதயத்தின் மேலேயே மின்முனைகளை வைத்து ஷாக் கொடுத்தார். சிறுவன் பிழைத்து வீட்டுக்குப் போனான். மார்பைத் திறக்காமல் வெளியிலிருந்தே ஷாக் கொடுக்கும் வழியை 1956ல் பாஸ்டனின் பால் ஸோல் காட்டினார்.

அக்கா தன் பிள்ளைகளிடம் பார்க்கச் சொல்வது ஷாக் கொடுத்த மறுகணத்தை. ஜெல் தடவி, பேடில்களை அழுத்தி வைத்து, "எல்லாரும் கையெடுங்க" என்று உரக்கச் சொல்லி, ஆக்சிஜனையும் தள்ளி வைத்துவிட்டு, 200 ஜூல் கொடுத்ததும் உடம்பு ஒருமுறை குலுங்கும். கோடு தட்டையாகிவிடும். புதியவருக்கு அடிவயிறு கலங்கும். ஆனால் ஷாக் செய்ய வேண்டிய வேலையே அதுதான். அத்தனை தசைநாரையும் ஒரே நொடியில் அமைதியாக்கிவிட்டால், முதலில் விழித்தெழுவது சைனஸ் கணுவாகவே இருக்க வாய்ப்பு அதிகம். திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது, உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். அழுத்திக்கொண்டிருக்கும்போதே ஒரு முள் வரும், இன்னொன்று வரும், பிறகு தானாக வரிசை பிடித்துவிடும். கோடு தட்டையாகிவிட்ட நோயாளிக்கு ஷாக் கொடுத்துப் பிழைக்கவைப்பதெல்லாம் சினிமாவில்தான். அடக்குவதற்கு அங்கே கலகம் எதுவும் இல்லை. அவருக்கு வேண்டியது நெஞ்சழுத்தமும் அட்ரினலினும்.

ஷாக் இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் குறைக்கிறது. இந்தக் கணக்கின் கொடுமையைப் புரிந்துகொண்டு ஆஸ்பத்திரியையே தெருவுக்குக் கொண்டுவந்தவர் பெல்ஃபாஸ்ட்டின் ஃப்ராங்க் பான்ட்ரிஜ். அவர் கதையைச் சொல்லும்போது அக்காவின் குரல் மாறும். இளம் ராணுவ டாக்டராக சிங்கப்பூரில் இருந்தவர் 1942ல் ஜப்பானியரிடம் கைதியாகி, சயாம்–பர்மா ரயில் பாதை முகாம்களுக்குப் போனார். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழர்கள் மாண்டுபோன அதே மரண ரயில். அங்கே பெரிபெரி அவர் இதயத்தைத் தாக்கியது. உயிரோடு திரும்பியவர் இதய மருத்துவத்தையே தொழிலாக்கிக்கொண்டார். 1966ல் பெல்ஃபாஸ்ட்டின் ராயல் விக்டோரியா ஆஸ்பத்திரியிலிருந்து, கார் பேட்டரிகளால் ஓடும் 70 கிலோ டிஃபிப்ரிலேட்டரை ஆம்புலன்ஸில் ஏற்றி, மாரடைப்பு வந்தவர்களின் வீட்டுவாசலுக்கே அனுப்பினார். மாரடைப்பின் முதல் மணி நேரத்தில்தான் வி.எஃப். அதிகம் கொல்கிறது, அந்த நேரத்தில் நோயாளி வீட்டில்தானே இருக்கிறார் என்பது அவருடைய வாதம். 70 கிலோ இயந்திரம் சில ஆண்டுகளில் கையில் தூக்கும் அளவுக்குச் சுருங்கியது.

எல்லாத் தாளப் பிசகும் தழும்பிலிருந்து வருவதில்லை. சிறுநீரக நோயாளி ஒருவர் டயாலிசிஸுக்கு ஒரு தவணை போகவில்லை. வெயிலுக்கு இதமாக இருக்கட்டும் என்று வீட்டில் இளநீர் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். கை கால் தளர்ந்து கொண்டுவரப்பட்டார். அக்கா ஈசிஜி எடுத்ததும் பேசாமல் தாளைக் கிழித்து டியூட்டி டாக்டரின் கையில் வைத்தார். டி அலைகள் ஊசிக் கூடாரமாக எழும்பியிருந்தன. க்யூ.ஆர்.எஸ். அகன்று அகன்று டி அலையோடு ஒட்டப் பார்த்தது. பொட்டாசியத்தின் கையெழுத்து அது. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு இளநீர் வேண்டாம் என்பது அதிலுள்ள பொட்டாசியத்துக்காகத்தான். லேப் ரிசல்ட் வரும்வரை டாக்டர் காத்திருக்கவில்லை. கால்சியம் குளுக்கோனேட் ஊசி மெல்ல ஏற ஏற, சில நிமிடங்களில் முட்கள் ஒடுங்குவதை எல்லோரும் திரையில் பார்த்தார்கள். கால்சியம் பொட்டாசியத்தைக் குறைக்காது. தசைச் சவ்வுக்குக் கொஞ்ச நேரம் காவல் நிற்கும், அவ்வளவுதான். அதற்குள் இன்சுலினும் குளுக்கோஸும் கொடுத்து, டயாலிசிஸுக்கு அனுப்பினார்கள். அவர் பிழைத்தார்.

பொட்டாசியம் குறைந்தாலும் ஆபத்துதான். மெக்னீசியமும் அதோடு குறைந்திருக்க, சில ஆன்டிபயாடிக்குகளோ மனநோய் மருந்துகளோ சேர்ந்துகொண்டால், முள்ளின் தொடக்கத்திலிருந்து டி அலையின் முடிவு வரையான க்யூ.டி. இடைவெளி நீளும். அப்போது வரும் வேகத் துடிப்பில் அலைகள் கோட்டைச் சுற்றி முறுக்கிக்கொண்டே பெருத்துச் சிறுக்கும். 1966ல் பிரான்ஸின் டெசெர்டென் 80 வயது மூதாட்டி ஒருவரிடம் இதைக் கண்டு 'டோர்சாத் த பாயிந்த்' என்று பெயரிட்டார். நரம்பில் ஏற்றும் மெக்னீசியம்தான் இதற்கு முதல் மருந்து. பிறவியிலேயே க்யூ.டி. நீண்ட குழந்தைகளும் உண்டு. ஓடி விளையாடும்போது அடிக்கடி மயங்கி விழும் பிள்ளையை வலிப்பு என்று மட்டும் நினைத்து அழைத்துவந்தால், ஒரு ஈசிஜி எடுத்துப் பார்க்காமல் விடக் கூடாது என்பதில் அக்கா கறார்.

வி.டி.யோ வி.எஃப்.போ மறுபடி வரக்கூடியவர்களுக்கு இப்போது, உடலுக்குள் பதிக்கும் டிஃபிப்ரிலேட்டரான ஐ.சி.டி. இருக்கிறது. போலந்தில் பிறந்த மிச்செல் மிரோவ்ஸ்கி, தன் ஆசான் ஹாரி ஹெல்லர் 1966ல் இத்தகைய தாளப் பிசகால் இறந்ததைத் தாங்க முடியாமல், உடலுக்குள்ளேயே டிஃபிப்ரிலேட்டரை வைத்துவிடும் யோசனையில் இறங்கினார். பலர் முடியாது என்றார்கள். 1980 பிப்ரவரியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதல் கருவி மனிதருக்குள் பதிக்கப்பட்டது. 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகன் மைதானத்தில், கோடிக்கணக்கானவர்கள் டி.வி.யில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விழுந்தார் டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன். அங்கேயே நெஞ்சை அழுத்தி, ஒரே ஷாக்கில் மீட்டார்கள். ஐ.சி.டி. பதித்துக்கொண்டு மறு ஆண்டே அவர் களத்துக்குத் திரும்பினார்.

எரிக்சனுக்குக் கிடைத்த அந்தச் சில நிமிடங்கள் நம்மூரில் பலருக்குக் கிடைப்பதில்லை. அக்காவின் ஆற்றாமை அதுதான். நெஞ்சு வலித்தால் வாயு என்று சோடா குடித்துவிட்டு இரவு முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள். வி.எஃப். வந்து விழுந்தவரின் கை கால் தொடக்கத்தில் வெட்டி இழுக்கும். வலிப்பு என்று நினைத்துச் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிறார்கள். இதயம் நின்ற பிறகும் சில நிமிடங்கள் விட்டு விட்டு வரும் இழுப்பை மூச்சென்று நம்பிக் காத்திருக்கிறார்கள். வாயில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். உள்ளே கலகம் அடங்காமல் ஓடிக்கொண்டிருக்க, மூளை பட்டினி கிடக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் எல்லா இயந்திரமும் தயாராக இருந்தும், வந்து சேர்பவரிடம் தட்டைக் கோடுதான் மிச்சமிருக்கிறது.

ஒருவர் திடீரென்று விழுந்து, தட்டிக் கூப்பிட்டும் அசையாமல், சரியாக மூச்சுவிடாமலும் கிடந்தால் 108ஐ அழைத்து போனை ஸ்பீக்கரில் போடுங்கள். மல்லாக்கக் கிடத்தி, நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, முழங்கை மடங்காமல், 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். வாயோடு வாய் வைத்து ஊதத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அழுத்துவதை மட்டும் நிறுத்தாதீர்கள். யாரும் பயன்படுத்தக்கூடிய தானியங்கி டிஃபிப்ரிலேட்டரான ஏ.இ.டி. பெட்டி பக்கத்தில் இருந்தால் திறந்து, அது சொல்கிறபடி செய்யுங்கள். ஷாக் வேண்டுமா, வேண்டாமா என்று அதுவே பார்த்துக்கொள்ளும். பக்கத்திலுள்ள ஆஸ்பத்திரியில், இப்படி நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் சி.பி.ஆர். பயிற்சி கேளுங்கள். வீட்டுக்கு ஒருவராவது இதைக் கற்றுக்கொள்ளுங்கள்.